பதினான்கு வயதில் ஒரு மாற்றம்: சுனில் பெர்னாண்டோவும் மலைநாட்டுச் சமதரையும்

2007 டிசம்பர் 3ஆம் திகதி, கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டின் விக்கெட் சரிந்தது. முத்தையா முரளிதரனின் டெஸ்ட் கணக்கு 709 ஆனது. 708உடன் ஓய்வு பெற்றிருந்த ஷேன் வார்ன் இரண்டாம் இடத்துக்குப் போனார். அஸ்கிரிய மைதானம் ட்ரினிட்டி கல்லூரிக்குச் சொந்தமானது. முரளி படித்ததோ கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். ஆண்டுதோறும் பெரும்சமரில் மோதிக்கொள்ளும் இரு பாடசாலைகள் அவை. எதிர்ப்பாடசாலையின் மண்ணில் அந்தோனியார் பையன் உலக சாதனை படைத்த கதையைக் கண்டிக்காரர்கள் இன்னும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அன்றைய ஸ்கோர் அட்டையில் பந்துவீசியவர் பெயர் இருக்கிறது. பிடியெடுத்தவர்கள் பெயர் இருக்கிறது. நடுவர்களின் பெயரும் ஆட்ட மத்தியஸ்தரின் பெயரும்கூட இருக்கின்றன. சுனில் பெர்னாண்டோ என்ற பெயர் இல்லை. இருக்கவும் முடியாது, பாடசாலைப் பயிற்றுநருக்கு அந்த அட்டையில் கட்டம் கிடையாது. ஆனால் வேகம் குறைந்த வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனை ஓஃப் ஸ்பின் போடச் சொன்னவர் அவர்தான். உலகக் கிரிக்கெட்டின் விக்கெட் பட்டியலில் முதல் வரியை எழுதிய முடிவு கொழும்பின் தேசிய அகடமி எதிலும் எடுக்கப்பட்டதல்ல. 1980களின் நடுப்பகுதியில், மகாவலிக் கரையிலிருந்த ஒரு பாடசாலையில், கல்லூரி அணிக்கு ஆள் தேவைப்பட்ட ஒரு சாதாரணச் சூழலில் எடுக்கப்பட்டது அது.

பாடசாலைப் பயிற்றுநர் ஒருவரின் வாழ்நாள் வேலையை எப்படி அளப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்கரிடம் தயாரான விடை ஒன்று உண்டு. அங்கே பல்கலைக்கழக பேஸ்பால் பயிற்றுநரின் பெயருக்கு நேரே வெற்றி தோல்விகளை எழுதிவைக்கிறார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரொட் டெடோ 1942 முதல் 1986 வரை பயிற்றுநராக இருந்தார். அவர் கணக்கில் 1,332 வெற்றிகள், 11 தேசியப் பட்டங்கள். அவற்றில் ஐந்து 1970 தொடங்கி 1974 வரை இடைவிடாமல் வந்தவை. லொறிப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றைச் சொந்தமாக நடத்திப் பணம் சேர்த்தவர், பயிற்றுநர் வேலைக்குப் பெயரளவுக்கே சம்பளம் வாங்கினார். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக் மார்ட்டின் 1980 முதல் 2019 வரை நாற்பது பருவங்களில் 2,029 ஆட்டங்களை வென்றார். அமெரிக்கப் பல்கலைக்கழக பேஸ்பாலில் அவருக்கு முன் எவரும் அத்தனை வென்றதில்லை. ஆனால் தேசியப் பட்டம் ஒருமுறைகூடக் கைக்கு வரவில்லை. இந்த இருவரில் யார் பெரியவர் என்று அமெரிக்கர் சண்டை பிடிக்க முடிவது கையில் எண்கள் இருப்பதால்.

நம்மிடம் அப்படிப்பட்ட எண்கள் இல்லை. இலங்கையில் பேஸ்பால் சிறிய வட்டத்துக்குள் ஆடப்படும் விளையாட்டு. ஜப்பானின் உதவியில் தியகமவில் அதற்கென மைதானம் வந்ததே அண்மைக் காலத்தில்தான். பாடசாலைக் கிரிக்கெட்டோ மிகப் பழையது. ரோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் மோதல் 1879இலேயே தொடங்கிவிட்டது. 13 வயதுக்குட்பட்டோர், 15 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், பிறகு முதல் பதினொருவர் என்று படிப்படியாகப் பையன்கள் ஏறி வருகிறார்கள். வருட இறுதியில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை நீளும் பருவத்தில் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் பத்திரிகையில் வருகின்றன. ஆயிரம் ஓட்டம் எடுத்தவன், நூறு விக்கெட் வீழ்த்தியவன் எல்லாம் ஊருக்குத் தெரிந்த பையன்கள். கோச்சின் பெயர் கடைசிப் பந்தியில் வந்தாலும் வரும். வெற்றி கல்லூரியுடையது, தோற்றால் கோச்சுடையது. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் எத்தனை கோச்மார் அடுத்த பருவத்துக்கு முன் மாற்றப்பட்டார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் சுவையான ஆய்வொன்று கிடைக்கும்.

ஆனால் டெடோவின் பெயரை நிலைக்க வைத்தது அந்த 1,332 மட்டும்தானா? டேவ் கிங்மன் என்ற உயரமான பையன் அவரிடம் வந்தது பந்தெறியும் பிட்சராக. அங்கே அவன் மட்டையாளனாக மாற்றப்பட்டான். பின்னாளில் மேஜர் லீக்கில் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புவதில் பேர்போன ஆளானான். அந்த மாற்றத்துக்கும் வெற்றிக் கணக்கில் இடமில்லை. பயிற்றுநரின் உண்மையான கைவண்ணம் இந்த வகை முடிவுகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். பையன் தன்னை ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, நீ இன்னொன்று என்று சொல்லும் துணிச்சல் அது. சொல்வது எவராலும் முடியும். சரியாகச் சொல்வதற்குக் கண் வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையில் நடந்த மாற்றத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். மிதவேகப் பந்துவீச்சாளனுக்கு ஓட்டம்தான் மூலதனம். ஓடிவரும் விசை முதுகுக்கும் தோளுக்கும் ஏறி, மணிக்கட்டு பந்தின் பின்னால் நிமிர்ந்து நிற்க, தையல் நேராகப் பறக்க வேண்டும். வளர்ந்தால் வேகம் கூடும், உயரமிருந்தால் பந்து எழும்பும். முரளி முழுவளர்ச்சியில் எட்டிய உயரம் ஏறத்தாழ 170 சென்ரிமீற்றர். அந்த உடலோடு மிதவேகத்தில் நின்றிருந்தால் கல்லூரி அணியில் இரண்டு பருவம் ஆடி, மூன்றாம் பருவத்தில் தன்னைவிட உயரமான ஒருவனுக்கு இடம்விட்டு, அப்பாவின் பிஸ்கட் தொழிற்சாலைக் கணக்கைப் பார்க்கப் போயிருக்கலாம். 14 வயது இதற்குச் சரியான நேரம். அதற்கு முன் கைக்கு வலு போதாது. அதற்குப் பின் பழக்கம் இறுகிவிடும்.

ஓஃப் ஸ்பின் பொதுவாக விரல்களின் வேலை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் குறுக்கே அகலப் பிடிக்க, பந்து கையை விடும்போது கதவுக் குமிழைத் திருப்புவது போன்ற ஒரு முறுக்கு. வலக்கை ஆட்டக்காரனுக்கு அது வெளியிலிருந்து உள்ளே திரும்பும். விரல் சுழற்பந்துக்கு ஆடுகளத்தின் தயவு வேண்டும். காய்ந்து வெடித்த தரை கிடைத்தால் திரும்பும், புல் இருந்தால் சும்மா வழுக்கிப் போகும். முரளியின் பந்து அப்படியல்ல. அவர் திருப்பியது மணிக்கட்டால். மணிக்கட்டால் லெக் ஸ்பின் போடுவோர் எப்போதும் உண்டு. மணிக்கட்டால் ஓஃப் ஸ்பின் என்பது அவர் வருவதற்கு முன் பாடப்புத்தகத்தில் இல்லாத சங்கதி. அதனால்தான் ஓவலிலும் காலியிலும் ஒரே மாதிரிப் பந்து திரும்பியது. 1998இல் ஓவலில் இங்கிலாந்துக்கு எதிராக 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் 65க்கு 9. அந்த மணிக்கட்டு எப்படி வந்தது? எட்டு வயதிலிருந்தே விரல் ஸ்பின் பயின்றிருந்தால் நூல்படி விரல்களையே நம்பியிருப்பார். வேகம் போட்டுப் பழகிய கையோடு, தாமதமாக ஸ்பின்னுக்கு வந்ததால், தன் உடலுக்கு வாய்த்த வழியைக் கண்டுபிடித்தார் என்று நான் வாசிக்கிறேன். இது நிரூபிக்கக்கூடியதல்ல. ஆனால் இதே பாதையில் வந்த இன்னொருவர் இருக்கிறார். அவுஸ்திரேலியாவின் புரூஸ் யார்ட்லி மிதவேகமாகத் தொடங்கி, பிந்திய வயதில் ஓஃப் ஸ்பின்னுக்கு மாறி, முப்பது வயதில் டெஸ்ட் ஆடியவர். 33 டெஸ்ட்களில் 126 விக்கெட். 1996க்கும் 1998க்கும் இடையில் அவர் இலங்கை அணியின் பயிற்றுநராக இருந்தார். முரளியின் கையை வேறு யாரையும்விட அவர் எளிதாகப் புரிந்துகொண்டிருப்பார்.

பெர்னாண்டோவின் முடிவைப் பற்றி எழுதுபவர்கள் ‘ஸ்பின்னுக்கு மாற்றினார்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தப் பாடசாலையிலிருந்து மாறாமல் வெளியே வந்தது. முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. தோளும் மணிக்கட்டும் சாதாரண மனிதருக்கு வளையாத அளவுக்கு வளையும். நூல்பிடித்த பயிற்றுநர் ஒருவர் கையில் அகப்பட்டிருந்தால் முதல் வேலையாக அந்தக் கையை ‘நேராக்க’ முயன்றிருப்பார். ஐந்து மாதம் திருத்தியபின் ஐந்நூறு பையன்களைப் போன்ற இன்னொரு பையன் மிஞ்சியிருப்பான். கட்டுகஸ்தோட்டையில் கை அப்படியே விடப்பட்டது. 1990/91 பருவத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான பாட்டா விருது அதே கைக்குப் போனது. கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள். நடுவரிசையில் துடுப்பும் பிடித்தார், ஆனால் அதைப் பற்றிப் பேசினால் முரளியே சிரிப்பார்.

அந்தக் கை பிறகு பட்ட பாடு ஊரறிந்தது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழுமுறை ‘நோ போல்’ கொடுத்தார், பந்தை வீசாமல் எறிகிறார் என்று. 1996 ஜனவரியில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன். 1999 ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் எமர்சன். அன்று அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப் போய் நின்றார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 1996இல் கமராக்களை வைத்து அளந்தன. எறிவதுபோலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்பது முடிவு. 2004இல், ஓஃப் ஸ்பின்னுக்கு எதிர்த்திசையில் திரும்பும் அவரது தூஸ்ராவைப் பற்றி ஆட்ட மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் முறையிட, மறுபடியும் பேர்த் நகர ஆய்வுகூடம். அதே ஆண்டு ஜூலையில் கொழும்பில், கையை மடக்க முடியாதபடி உருக்குக் கம்பி வைத்த கவசத்தை மாட்டிக்கொண்டு, பிரித்தானியத் தொலைக்காட்சிக்காகப் பந்துவீசிக் காட்டினார். கவசத்துக்குள்ளிருந்தும் ஓஃப் ஸ்பின் திரும்பியது, தூஸ்ராவும் திரும்பியது.

அப்போது இருந்த விதி வேடிக்கையானது. சுழற்பந்து வீச்சாளருக்கு ஐந்து பாகை, மிதவேகத்துக்கு ஏழரை, வேகத்துக்குப் பத்து என்று முழங்கை நீள்வதற்கு வெவ்வேறு வரம்புகள். அளந்து பார்த்தால், ‘சுத்தமான’ கை என்று பெயரெடுத்த வேகப்பந்து வீச்சாளர் பலரும் வரம்பைத் தாண்டியிருந்தனர். கண்ணுக்குத் தெரியாத தவறு கமராவுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த ‘தவறு’ கமராவில் காணாமல் போனது. 2005இல் எல்லோருக்கும் பதினைந்து பாகை என்று சர்வதேச கிரிக்கெட் சபை விதியை மாற்றியது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வோர் உண்டு. பழைய விதியை இயந்திரம் கொண்டு எல்லோர்மீதும் பிரயோகித்திருந்தால் எத்தனை நாடுகளுக்குத் தொடக்கப் பந்துவீச்சாளர் மிஞ்சியிருப்பார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. இன்னொன்று: டெடோவின் மைதானத்தில் இதே பையன் பிறந்திருந்தால் அவன் முழங்கையை எந்த நடுவரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார். பேஸ்பாலில் எறிவதுதான் வேலை.

பாடசாலையில் எடுத்த முடிவு சரிதான் என்று உடனடியாகத் தெரிந்துவிடவும் இல்லை. பாடசாலையை விட்டதும் முரளி கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். இலங்கை தன் முதல் டெஸ்டை 1982இலும் முதல் டெஸ்ட் வெற்றியை 1985இலும் கண்ட சரவணமுத்து மைதானம் அந்தக் கழகத்தினுடையது. 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்து போனார். ஐந்து ஆட்டங்கள், ஒரு விக்கெட்கூட இல்லை. நூறு விக்கெட் எடுத்த பாடசாலை நட்சத்திரங்கள் இங்கே காணாமல் போவது வழக்கம்தான். அவருடைய பெயரும் அந்தப் பட்டியலில் சேர எல்லாம் தயாராக இருந்தது. மறுவருடம் அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணி வந்தபோது பயிற்சி ஆட்டத்தில் அவர் வீசியது தெரிவாளர்களின் கண்ணில் பட்டது. 1992 ஓகஸ்ட் 28, கொழும்பு கெத்தாராம, முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிரேக் மக்டெர்மொட். அங்கிருந்து 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவின் பிடியை மஹேல ஜயவர்தன எடுக்கும்வரை 133 டெஸ்ட்கள், 44,039 பந்துகள், 800 விக்கெட்டுகள், சராசரி 22.72. ஒருநாள் ஆட்டங்களில் 534.

ஒரே ஒரு மாணவனை வைத்து ஒரு பயிற்றுநரைப் புகழ்வது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிர்ஷ்டச் சீட்டில் பரிசு விழுந்தவனைப் பொருளாதார நிபுணன் என்று நாம் சொல்வதில்லையே. ஆனால் அந்தோனியாரிலிருந்து வந்த ஓஃப் ஸ்பின்னர் முரளி மட்டுமல்ல. அவருக்கு இரண்டு வயது மூத்த ருவன் கல்பகேயும் அதே கல்லூரி. 11 டெஸ்ட்களும் 86 ஒருநாள் ஆட்டங்களும் ஆடியவர். சில ஆண்டு இடைவெளிக்குள் ஒரு பாடசாலையிலிருந்து தேசிய அணிக்கு இரண்டு ஓஃப் ஸ்பின்னர்கள் வருவதைச் சும்மா தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஸ்பின் என்பது அங்கே கௌரவமான தொழிலாக இருந்திருக்க வேண்டும். வேகத்துக்கு லாயக்கில்லாதவன் ஒதுங்கும் மூலையாக இருந்திருக்காது. கல்பகே பின்னர் பயிற்றுநரானார். இலங்கை அணியிலும் பங்களாதேஷ் அணியிலும் வேலை பார்த்தார். முரளி 2015இலிருந்து ஹைதராபாத் ஐபிஎல் அணியின் பந்துவீச்சைக் கவனித்தார். ஒரு பயிற்றுநரின் மாணவர்கள் பயிற்றுநர்களாவது விக்கெட் எண்ணிக்கையைவிட நம்பகமான அளவுகோல். டெடோவை அளப்பவர்களும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பம்பாயின் ரமாகாந்த் அச்ரேக்கரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சச்சின் டெண்டுல்கரைச் சாரதாஷ்ரம் பாடசாலைக்கு மாறச் சொன்னவர் அவர். ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, ஆட்டமிழக்காமல் நின்றால் நாணயம் உனக்கு என்றவர். 1990இல் துரோணாச்சாரியார் விருது, 2010இல் பத்மஸ்ரீ. பாடசாலை மாறச் சொன்ன அந்தப் புத்திமதியைக் கவனியுங்கள். பையன் மட்டையைப் பிடிக்கும் விதத்தைவிட, அவன் எந்தப் பாடசாலையில் இருக்கிறான் என்பதுதான் அச்ரேக்கருக்கு முதலில் தெரிந்தது. கிரிக்கெட் ஆடும் பாடசாலையில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய திறமையும் யார் கண்ணிலும் படாது. மலையகத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான்.

முரளியின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக மத்திய மலைநாட்டுக்கு வந்தவர். பிறகு மகள்மாருடன் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட்டார். மகன்மார் இங்கேயே தங்கினர். அவர்களில் ஒருவரான முத்தையா குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 கலவரத்தில் அதை எரித்தார்கள். மீண்டும் கட்டினார்கள். ஒன்பது வயதில் மகனை பெனடிக்டின் துறவிகள் நடத்திய புனித அந்தோனியாருக்கு அனுப்பினார்கள். இந்த ஒரு தலைமுறைத் தாண்டல், தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு, லயத்திலிருந்து சொந்த வீட்டுக்கு, நடந்திராவிட்டால் சுனில் பெர்னாண்டோவின் கண்ணில் அந்தப் பையன் பட்டிருக்கவே மாட்டான். எண்ணூறு விக்கெட்டின் கதையை எழுதும்போது பிஸ்கட்டுக்கும் ஒரு பந்தி ஒதுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எல்கடுவயை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தளை மாவட்டத்தின் தெற்கு விளிம்பில், நக்கிள்ஸ் தொடரின் சரிவில், ஹுன்னஸ் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலிருக்கும் தோட்டப் பிரதேசம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனபோது, அவற்றில் ஒன்று இந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டது. வத்தேகமை வழியாகக் கீழே இறங்கினால் கட்டுகஸ்தோட்டை. வரைபடத்தில் பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஆனால் கிரிக்கெட்டைப் பொறுத்தவரை அது இன்னொரு நாடு.

முதல் தடை தரை. தோட்டத்தில் சமதரை என்றால் அதில் தொழிற்சாலை நிற்கும், துரை பங்களா நிற்கும், கோயில் நிற்கும். மிஞ்சியது சரிவு, சரிவில் தேயிலை. சிறு மைதானம் ஒன்று இருந்தாலும் சிக்ஸர் அடித்தால் பந்து மலையடிவாரம் வரை உருளும். ட்ரினிட்டிக்கும் ஒருகாலத்தில் இதே பிரச்சினை இருந்தது. அதிபர் ஏ. ஜி. பிரேசர் காலத்தில் அவர்கள் மலையின் உச்சியையே வெட்டிச் சமப்படுத்தி அஸ்கிரியவை உண்டாக்கினார்கள். 1915இல் அங்கே கிரிக்கெட் தொடங்கியது. 1983இல் டெஸ்ட் மைதானமானது. மலையை வெட்டுவதற்குப் பணமும் ஆட்களும் செல்வாக்கும் உள்ள பாடசாலைக்கு அது முடிந்தது. அதே காலத்தில் தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். எழுபதுகளில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை அந்த நிலை பெரிதாக மாறவில்லை. 1948இல் குடியுரிமையையே இழந்த சமூகத்துக்கு மைதானம் கேட்கும் குரல் எங்கிருந்து வரும்?

இரண்டாவது தடை பந்து. தோட்டத்துப் பையன்கள் ஆடுவது மென்பந்து. தேர்த் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் தோட்டங்களுக்கிடையே சுற்றுப்போட்டி வைப்பார்கள்; ஒரு டிவிசனுக்கு ஒரு அணி, வெற்றிக்கிண்ணம், ஒலிபெருக்கியில் வர்ணனை. ஆட்டம் நன்றாகவே இருக்கும். ஆனால் தேசிய அணிக்கான பாதை கடினப்பந்தில் போகிறது. கடினப்பந்துக்குக் கால்காப்பு வேண்டும், கையுறை வேண்டும், தலைக்கவசம் வேண்டும், நல்ல மட்டை வேண்டும். இங்கிலீஷ் வில்லோ மட்டை ஒன்றின் விலை பத்தாயிரக் கணக்கில் போகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியதே 2021இல்தான், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. இந்தக் கணக்கில் பந்துவீச்சாளனுக்குச் சின்ன அனுகூலம் உண்டு. அவனுக்குத் தேவையானது ஒரு பந்து, ஒரு சுவர், பிறகு வீசிக்கொண்டேயிருக்கும் பொறுமை. ஸ்பின்னருக்கு நீண்ட ஓட்டப்பாதைகூட வேண்டாம். லயத்து முற்றம் போதும். மலையகத்திலிருந்து அடுத்து ஒருவர் வருவதானால் துடுப்பாட்டக்காரராக அல்ல, சுழற்பந்து வீச்சாளராகத்தான் வருவார் என்று பந்தயம் கட்டலாம்.

மூன்றாவது தடை பற்றித்தான் இந்தக் கட்டுரை: கண். அந்த முற்றத்தில் வீசும் பையனைப் பார்த்து, உன் மணிக்கட்டு வித்தியாசமாக இருக்கிறது, இப்படிப் போட்டுப் பார் என்று சொல்ல ஒருவர் அங்கே இல்லை. விளையாட்டுப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் பெரும்பாலும் கணிதமும் சமூகக்கல்வியும் சேர்த்துப் படிப்பிப்பவர். வலைப்பயிற்சிக்கு நிற்க அவருக்கு நேரமும் இல்லை, அவர் அதற்குப் பயின்றவரும் இல்லை. பெரிய கல்லூரிகளில் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனிக் கோச் இருக்கிறார். குமார் சங்கக்கார ட்ரினிட்டியில் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு வந்தபோது அங்கே இருந்தவர் பேர்ட்டி விஜேசிங்க; அனுபவம் நிறைந்த பழைய வீரர். திறமை எங்கும் பரவிக் கிடக்கிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பயிற்றுநர்கள் சில தெருக்களில் மட்டுமே இருக்கிறார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

முரளி ஓய்வுபெற்றபின் 2012இல் வடக்கில் அவர் பெயரில் கிண்ணப் போட்டி தொடங்கியது. போர் முடிந்த மண்ணில் பல மாகாணப் பையன்களும் சேர்ந்து ஆடிய நல்ல முயற்சி அது. ஆனால் போட்டி என்பது சில நாள் விஷயம். பையனின் பழக்கத்தை மாற்றுவதற்கு ஒரு பருவம் முழுக்க மாலை மாலையாகப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் வேண்டும். சுனில் பெர்னாண்டோ செய்தது அந்த வேலை. கிண்ணம் கொடுப்பது எளிது, சம்பளம் கொடுத்து ஒரு கோச்சை வத்தேகமைக்கு மேலே அனுப்புவதுதான் கடினம். வலயக் கல்வி அலுவலகங்களின் செலவுப் பட்டியலில் அவருக்கும் ஸ்கோர் அட்டையில் போலவே கட்டம் கிடையாது.

கட்டத்தை உண்டாக்க முடியாது என்றில்லை. எல்கடுவ, உக்குவளை, வத்தேகமை என்று பஸ் ஓடும் பாதையிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளைச் சேர்த்து ஒரு கோச், ஒரு மூட்டை கடினப்பந்து, ஒவ்வொரு பாடசாலைக்கும் வாரத்தில் இரண்டு மாலை என்று தொடங்கலாம். முழு மைதானம் வேண்டாம். இருபத்திரண்டு யார் நீளத்தில் ஒரு சீமெந்துப் பட்டையும் சுற்றி வலையும் போதும். அது தேயிலைச் சரிவிலும் வெட்டக்கூடியது. பத்து வருடம் கழித்து அங்கிருந்து யாரும் தேசிய அணிக்கு வராமலும் போகலாம். மைக் மார்ட்டின் நாற்பது வருடம் நின்றும் பட்டம் வரவில்லை, அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.